வேட்டைக் காடும் அனுமதிச் சீட்டும்

(பூம்புகாரில் ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் முன்னிலையில் ஆற்றிய உரை)



காவிரி கடலோடு கலக்கும் இப்பூம்புகாரிலிருந்து கரையோரமாகத் தெற்கே சென்றால், நாகப்பட்டினத்தையும் வேதாரணியத்தையும் கடந்து கோடியக்கரையை அடைகிறோம். வெளிமான்கள் திரியும் காடும், பூநாரைகள் வந்திறங்கும் சதுப்பு நிலமும் அங்கே உள்ளன. அக்காட்டினுள் யார் செல்லலாம், எதற்காகச் செல்லலாம், அவ்விதிகளுக்கும் நம் வயல்களுக்கும் என்ன தொடர்பு என்பவை குறித்தே இன்று பேச விரும்புகிறோம்.

முற்காலத்தில் வேட்டையே செல்வாக்குடையோரின் பொழுதுபோக்காக இருந்தது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக் காடுகளில் வேட்டையாடுவதை விதிகளுக்கு உட்படுத்திற்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், தொடக்கத்தில், பெருவேட்டை, சிறுவேட்டை எனப் பலவகை உரிமங்களுக்கு இடமளித்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அவ்வுரிமங்கள் நீக்கப்பட்டன. இன்று பொழுதுபோக்குக்காக வேட்டையாட, செல்வர்க்கும் அனுமதி இல்லை, எளியவர்க்கும் இல்லை.

கோடியக்கரை 1967-ஆம் ஆண்டில் சரணாலயமாயிற்று. 2002-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ், உலகம் போற்றும் ஈரநிலங்களின் வரிசையிலும் இடம் பெற்றது.

சரணாலயத்தைச் சுற்றிப் பார்க்கவும், படம் எடுக்கவும், உயிரினங்களை ஆராயவும், உள்ளே வாழ்வோருடன் முறையான அலுவல்களை நடத்தவும் அனுமதிச் சீட்டு வழங்கப்படுகிறது. உள்ளே வசிக்க அனுமதி பெற்றோர்க்கும், நிலவுரிமை உடையோர்க்கும், பொதுச் சாலை வழியே கடந்து செல்வோர்க்கும் இச்சீட்டு வேண்டியதில்லை. அனுமதியின்றி ஆயுதம் கொண்டு செல்லுதல், தீ வைத்தல், விலங்குகளைச் சீண்டுதல், குப்பை போடுதல் ஆகியவை யாவர்க்கும் தடுக்கப்பட்டுள்ளன.

உள்ளே வாழ்வோர்க்குச் சில கடமைகளும் உண்டு. குற்றம் நிகழாமல் தடுத்தல், குற்றவாளியைக் கண்டறிய உதவுதல், விலங்கு இறந்து கிடந்தால் தெரிவித்தல், தீயை அணைக்கத் துணை நிற்றல் ஆகியவை அவை. ஆகவே, காவலில் கிராம மக்களுக்கும் பங்குண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

இனி நம் வயலுக்கு வருவோம். பறவைக்குச் சரணாலயத்தின் எல்லை தெரியாது. கோடியக்கரைக்கு வரும் பறவைகள் நம் வாய்க்கால்களிலும் வயல்களிலும் இரை தேடுகின்றன. திருவாரூர் மாவட்டத்திலுள்ள வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரம் ஏரியும் பாசனத்துக்கென அமைந்தவையே. இன்று அவை பறவைகள் சரணாலயங்களாகவும் விளங்குகின்றன. இரண்டும் 2022-ஆம் ஆண்டில் ராம்சார் வரிசையில் சேர்க்கப்பட்டன. பாசனமும் பறவையும் ஓரிடத்தில் இணங்கி வாழலாம் என்பதற்கு இவையே சான்று.

ஆயினும், வலை விரித்தும் நஞ்சு கலந்த நெல்லைத் தூவியும் கொக்கு, நாரைகளைப் பிடிக்கும் வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. "சரணாலயத்துக்கு வெளியேதானே? இரண்டு கொக்கைப் பிடித்தால் என்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். வேட்டைத் தடை நம் வரப்பிலும் செல்லும். சட்டத்தின் முதற் பட்டியலில் உள்ள உயிரினத்தைக் கொன்றாலோ, சரணாலயத்தினுள் வேட்டையாடினாலோ, குறைந்தது 3 ஆண்டுகள் முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. வெளிமான் அம்முதற் பட்டியலைச் சேர்ந்தது. ஒரு வேளைக் கறிக்காகக் குடும்பத் தலைவன் சிறை செல்வதும், வீட்டார் வறுமையில் வாடுவதும் நமக்கு வேண்டுமா? நஞ்சுண்ட பறவையைச் சமைத்தால் அந்நஞ்சு உண்பவர் உடலிலும் சேரும். மேலும், உழவு மாட்டின் பின்னும் டிராக்டரின் பின்னும் நடந்து பூச்சி புழுக்களை உண்ணும் கொக்கு, கூலி கேளாத ஆளன்றோ!

விலங்குகளால் பயிர் அழிந்தால் விவசாயி வாளாவிருக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. முதற் பட்டியலைச் சேராத விலங்கு பயிரை அழிக்குமானால், அதற்குரிய நடவடிக்கைக்கு வனத்துறை அதிகாரி எழுத்து மூலம் அனுமதி அளிக்கச் சட்டம் வழி செய்துள்ளது. அனுமதி வருமுன் தாமே வலையோ மின்வேலியோ அமைப்பதுதான் தவறு. ஊராட்சி முன்னின்று, சேதத்தைக் குறித்து, மனுவை உரிய இடத்தில் சேர்ப்பித்தால் விவசாயிக்கு அது பேருதவியாகும்.

ஊராட்சி உறுப்பினர்கள் மூன்று பணிகளை மேற்கொள்ளலாம். கிராம சபையில் இவ்விதிகளைப் படித்து விளக்குங்கள். வலையோ நஞ்சோ கண்டால், வனத்துறைக்கு உடனே தெரிவியுங்கள். பள்ளிச் சிறுவர்களை முறைப்படி அனுமதி பெற்றுக் கோடியக்கரைக்கும் வடுவூருக்கும் அழைத்துச் செல்லுங்கள். பறவையைக் கண்டு மகிழ்ந்த பிள்ளை நாளை வலை விரிக்க எண்ணான்.

அரசுக்குரிய காடு நம் அனைவருக்கும் பொதுவான செல்வம். அதைப் பேணும் பொறுப்பை நம் ஊராட்சிகள் ஏற்று நடத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.