மாலுமியின் கோணமானி



கப்பற்பொருள்களைச் சேர்த்துவைத்துள்ள அருங்காட்சியகங்களில், மரப்பேழைக்குள் பித்தளைக் கருவி ஒன்றைக் காணலாம். வட்டத்தின் ஆறில் ஒரு பங்கான வில், அதன்மேல் நகரும் ஒரு சட்டம், இரண்டு சிறு கண்ணாடிகள், ஒரு தொலைநோக்கிக் குழல்: இவையே அதன் உறுப்புகள். செக்ஸ்டன்ட் என்பது அதன் பெயர். ஆறில் ஒன்று எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று வந்த பெயர் அது.

கரை தெரியாத கடலில் மாலுமி தன் இடத்தை அறிவது எங்ஙனம்? நண்பகலில் சூரியன் அடிவானத்திற்குமேல் எத்தனை பாகை உயர்ந்துள்ளது என்று அளந்து அறிகிறான். இரவும் பகலும் ஒத்திருக்கும் நாளில் நண்பகற் சூரியன் சென்னையில் ஏறத்தாழ 77 பாகை உயரத்தில் நிற்கும். தில்லியிலோ ஏறத்தாழ 61½ பாகைதான். ஒரு பாகைக்கு 60 கடல் மைல். ஆகவே, தில்லியில் வாழும் நம்மவர் சென்னைக்கு 930 கடல் மைல் வடக்கே இருக்கிறோம் என்பதைச் சூரியனே சொல்லிவிடுகிறது. கிழக்கு மேற்கை அறியத் துல்லியமான கடிகாரமும் வேண்டும்.

ஆனால், ஆடும் கப்பலில் நின்று அளப்பது எளிதன்று. இவ்விடரைத் தீர்க்கும் கருவியொன்றை 1731-இல் இலண்டனில் ஜான் ஹாட்லி வெளியிட்டார். அது வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு. 1757-ஐ ஒட்டி, ஜான் கேம்ப்பெல் என்னும் கடற்படை அதிகாரியின் யோசனைப்படி வில் பெரிதாக்கப்பட்டு செக்ஸ்டன்ட் ஆயிற்று. சட்டத்தோடு திரும்பும் கண்ணாடி சூரியனின் பிம்பத்தை மற்றொரு கண்ணாடிக்கு அனுப்புகிறது. அந்த இரண்டாம் கண்ணாடியில் பாதி இரசம் பூசியது. மறுபாதியின் வழியே அடிவானம் நேராகத் தெரியும். சட்டத்தை நகர்த்திச் சூரியனை அடிவானத்தில் அமரச் செய்தால், வில்லில் கோணத்தைப் படித்துக்கொள்ளலாம். கை நடுங்கினாலும் இரண்டும் சேர்ந்தே அசையும். ஒன்றைவிட்டு ஒன்று விலகாது. இதுவே இக்கருவியின் நுட்பம்.

இந்நுட்பம் 28 உயிர்களைக் காத்தது. 1916 ஏப்ரல் 24-ஆம் நாள், தென்துருவக் கடலிலுள்ள எலிஃபன்ட் தீவில் 22 பேரை விட்டு, ஷாக்கிள்டனும் ஐவரும் ஏறத்தாழ 23 அடி நீளமுள்ள படகில் உதவி தேடிப் புறப்பட்டனர். 1,300 கிலோமீட்டருக்கு அப்பால் தெற்கு ஜார்ஜியாத் தீவு. அதைத் தவறவிட்டால் எதிரே வெறுங்கடலே. வழிகாட்டியவர் ஃபிராங்க் வொர்ஸ்லி. மேகம் விலகிய சில கணங்களில், தோழர்கள் தாங்கிப் பிடிக்க, அவர் சூரியனை அளந்தது நான்கே முறை. மே 10-ஆம் நாள் படகு அத்தீவை அடைந்தது. தீவில் காத்திருந்த 22 பேரும் ஆகஸ்ட் 30-இல் மீட்கப்பட்டனர்.

இன்று செயற்கைக்கோள்கள் நொடியில் இடம் சொல்லுகின்றன. எனினும் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி, கைவிட்டிருந்த இப்பயிற்சியை 2015-இல் மீண்டும் தொடங்கிற்று. மின்னும் அலையும் பொய்த்த வேளையிலும் சூரியன் தன் நேரத்தில் உதிக்கும். அதை அளக்கத் தெரிந்தவர் ஒருவர் கப்பலில் இருத்தல் நலம் அன்றோ?