முதலில் ஊர், பிறகு கல்லூரி



சீசன் நேரத்தில் குற்றாலத்தில் கருத்தரங்கு வைத்தால் மதியத்துக்கு மேல் பாதிக் கூட்டம் ஐந்தருவிக்குப் போய்விடும் என்று அமைப்பாளர்களிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அதனால் சொல்ல வேண்டியதைக் காலையிலேயே சொல்லிவிடுகிறேன். ஊழியத்துக்கு வரலாமா என்று யோசிக்கும் பிள்ளையை எடுத்த எடுப்பில் இறையியல் கல்லூரிக்கு அனுப்பாதீர்கள். ஒரு வருடம் கிராமச் சபையில், குருப்பட்டம் இல்லாமலே சபையைக் கவனித்துக்கொள்ளும் நல்ல உபதேசியார் ஒருவரிடம் விடுங்கள்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. திருநெல்வேலித் திருச்சபை இப்படித்தான் வளர்ந்தது. சத்தியநாதன் உபதேசியாராக உழைத்துத் தேறிய பிறகே 1790இல் குருப்பட்டம் பெற்றார். 1774இல் பிறந்த வேதநாயகத்தைச் சிறுவனாகவே மிஷனரி சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்த் தம்மோடு வைத்துக்கொண்டார். அந்தப் பையன்தான் பின்னாளில் வேதநாயக சாஸ்திரியார். குற்றாலக் குறவஞ்சி பிறந்த இந்த மண்ணின் இலக்கிய வகையை எடுத்து 1800இல் பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், உபதேசியார்களை உருவாக்கத் தனிப்பள்ளியே நடத்தினார். ஊர்களில் வேலை செய்தவர்கள் அவ்வப்போது பாளையங்கோட்டையில் கூடி, செய்ததைச் சொல்லி, பாடம் கேட்டுத் திரும்பினார்கள். நமக்கு வடக்கே சிவகாசிப் பக்கம் 1854 முதல் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போன மிஷனரி ராக்லண்டுக்குத் துணையாக, தெற்கத்திச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து அனுப்பின. முறை முடிந்ததும் அவர்கள் சொந்த ஊர் திரும்பினார்கள். திரும்பியதை யாரும் தோல்வியாக எண்ணவில்லை.

அந்த ஒரு வருடத்தில் பிள்ளை என்ன படிக்கும் என்று பேராசிரியர்கள் கேட்கலாம். ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் வீட்டுக்கு ஜெபிக்கப் போகட்டும். அந்த அம்மா மடியில் சுளகு இருக்கும், இலையும் தூளும் இருக்கும். கை நிற்காது, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. "சொல்லுங்க தம்பி, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பார்கள். அங்கே கால் மணி நேரம் ஜெபிக்கிற பையனுக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வாரம் தானாகவே இரண்டு நிமிடத்தில் முடிப்பான். நடு இரவில் சாவுச் செய்தி வரும். சொந்தக்காரர்களுக்குப் போன் போடுவது, குழிக்கு ஆள் சொல்வது, பெட்டி வந்ததா என்று பார்ப்பது எல்லாம் உபதேசியாரோடு இவன் தலையிலும் விழும். வேதபாடம் அதற்குப் பிறகுதான்.

பழைய முறையில் குறையில்லை என்று சொல்ல மாட்டேன். உபதேசியார்களில் பலர் கடைசிவரை உபதேசியாராகவே காலம் தள்ளினார்கள். அவர்களுக்கு எந்த முறைப்படி குருப்பட்டம் கொடுப்பது என்ற தகராறும் சேர்ந்துதான் 1835இல் ரேனியஸையும் அவரை அனுப்பிய சி.எம்.எஸ். மிஷனரி சங்கத்தையும் பிரித்தது. மேலே போக வழியில்லாத பயிற்சி, குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பதாக முடியும். இன்றும் அந்த ஆபத்து உண்டு. மைக் செட் தூக்குவதும் குருவானவரின் காரை ஓட்டுவதும் பயிற்சி என்றால் என் ஆலோசனையை இப்போதே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்! கற்றுக்கொடுப்பவருக்கும் கற்றுக்கொள்பவருக்கும் படி கொடுக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும். தோர்ணக்கல்லில் பேராயர் அசரியா கிராம ஊழியர்களின் மனைவிமாரையும் கூட உட்காரவைத்துக் கற்பித்தார். நூறு வருடம் கழித்து நாம் அதைவிடப் பின்தங்க முடியாது.

இதைவிட எனக்கு முக்கியமானது ஒன்று உண்டு. "பிறக்கும்போதே ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்த பிள்ளை" என்று நம் வீடுகளில் சொல்வோம். அந்தப் பிள்ளைக்கு வாய் திறக்க வழியே இருப்பதில்லை. கல்லூரியில் சேர்ந்து, சான்றிதழ் வாங்கி, சேகரத்துக்கு வந்த பிறகுதான் இது தனக்கு ஒத்துவராது என்று தெரிகிறது. அதன் பிறகு பாடுபடுவது அவன் மட்டுமல்ல, சபையும்தான். வருடக் கடைசியில் "இது என் வேலை இல்லை" என்று சொல்ல உரிமை வேண்டும். அப்படிச் சொன்னவனை ஆலயத்தில் முன்வரிசையில் உட்காரவைக்கும் பெருந்தன்மை சபைக்கு வேண்டும்.

நிகழ்ச்சி நிரலில் ஒரே ஒரு மாற்றம் கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். முதல் அமர்வில் உபதேசியார்கள் பேசுவார்கள், பேராசிரியர்கள் கேள்வி கேட்பார்கள். பிற்பகலில் இளைஞர்கள் பேசும்போது பெற்றோர்கள் தயவுசெய்து வெளியே இருங்கள். அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.