சான்று யாது?
(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவில் பேசுமாறு நம்மைப் பணித்தோர், கல்வியின் பெருமையை நாம் பேசுவோம் என்றே எண்ணியிருப்பர். 25 ஆண்டுகளாக நோட்டுப் புத்தகமும் தேர்வுக் கட்டணமும் திரட்டிக் கொடுத்துவரும் உங்களுக்குக் கல்வியின் பெருமையை நாம் வந்து எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே, போர்க்கப்பல்களின் பட்டியல் ஒன்றைப் பற்றிப் பேச விழைகின்றோம். இளைஞர்கள் சிரிப்பது நமக்குத் தெரிகின்றது. நம் தருமபுரி மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. கம்பைநல்லூரில் பிறந்து கடலைக் காணாமலே மறைந்த நம் முன்னோர் எத்தனையோ பேர். எனினும் இப்பட்டியலில் நமக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகின்றோம்.

விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தை நீங்கள் அனைவரும் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். அஃது ஆங்கிலத்தில் 2001ஆம் ஆண்டிலும் தமிழில் 2003ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றது. அதற்கு முன் தமிழில் கலைக்களஞ்சியம் என்றால், பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிகளே நம் நினைவுக்கு வரும். அவற்றை எழுதியோர் அறிஞர்கள். நம்மைப் போன்றோர் படிப்பவர்கள். விக்கிப்பீடியாவிலோ யார் வேண்டுமாயினும் எழுதலாம், யார் வேண்டுமாயினும் திருத்தலாம். எழுதுவோர்க்கு ஊதியம் இல்லை. பெரும்பாலோர் புனைபெயரிலேயே எழுதுகின்றனர். அவ்வாறாயின் அதில் உள்ளதை எங்ஙனம் நம்புவது என்று நீங்கள் கேட்கலாம். அக்கேள்விக்கு விடையாக அவர்களே வகுத்துக்கொண்ட ஒரு முறையைத்தான் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் படைத்துறை வரலாற்றில் ஆர்வமுடையோர் ஒரு குழுவாக இயங்குகின்றனர். நாடுவாரியாகவும் வகைவாரியாகவும் போர்க்கப்பல்களுக்குப் பட்டியல்கள் அமைத்து, அவற்றைச் சிறப்புத் தரத்திற்கு உயர்த்துவது அவர்களுடைய பணிகளுள் ஒன்று. பட்டியலை ஆக்கியவர் அதனைப் பொதுவில் வைத்து, ‘குறை இருப்பின் கூறுக’ என்று வேண்டுவார். மற்றவர்கள் வரிவரியாகப் படித்துக் கேள்வி எழுப்புவர். ஒவ்வொரு கேள்விக்கும் ஆக்கியவர் விடை கூற வேண்டும். அன்றேல் திருத்த வேண்டும். நூற்சான்றுகளைச் சோதிப்பார் ஒருவர். படங்களின் உரிமையைச் சோதிப்பார் மற்றொருவர். தம் பட்டியலுக்குத் தாமே ஒப்புதல் அளித்துக்கொள்ள இடமில்லை. படைத்துறைக் குழுவின் உயர்தர ஆய்வில் மூவரேனும் இசைவு தெரிவித்தாக வேண்டும். இந்த உரையாடல் முழுவதும் அழியாமல் பக்கத்திலேயே இருக்கும். நூறு ஆண்டு கழித்து ஒருவர் வந்தாலும், எந்தக் கேள்விக்கு எந்த விடை தரப்பட்டது என்று பார்க்கலாம். உயர்தரம் பெற்ற பட்டியல் பின்னாளில் பழுதுபட்டால் அத்தரத்தை இழக்கவும் கூடும்.

எடுத்துக்காட்டாக, ஜெர்மனியின் இலகுரகப் போர்க்கப்பல்களின் பட்டியலில் எம்டன் என்னும் கப்பலை எடுத்துக்கொள்வோம். அப்பெயர் தமிழர்க்குப் புதிதன்று. அஞ்சாத, அடங்காத ஆளை ‘அவன் ஓர் எம்டன்’ என்று இன்றும் சொல்கின்றோம். ‘எம்டன் மகன்’ என்று பெயரிட்ட திரைப்படம் ஒன்று 2006இல் தமிழ்ப்பெயருக்குரிய வரிவிலக்கை நாடி ‘எம் மகன்’ ஆனது தனிக்கதை. 1914 செப்டம்பர் 22 இரவு, கார்ல் ஃபான் முல்லர் என்னும் தலைவரின் கீழ் அக்கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று, துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அதனை நினைவூட்டும் கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் உள்ளது. 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளின் அருகே ஆஸ்திரேலியக் கப்பலாகிய சிட்னி அதனைத் தாக்க, எம்டன் பவளப் பாறைமேல் ஏறி அழிந்தது.

இதில் ஆய்வதற்கு என்ன இருக்கின்றது என்பீர்கள். முதற் கேள்வி, எந்த எம்டன் என்பது. ஜெர்மன் இலகுரகக் கப்பல்களுள் அப்பெயருடையவை மூன்று: 1908இல் நீரில் இறக்கியது ஒன்று, 1916இல் ஒன்று, 1925இல் ஒன்று. நம் பள்ளி வருகைப் பதிவேட்டில் முனியம்மாள் மூவர் இருந்தால் தந்தை பெயரின் முதலெழுத்தை இட்டுப் பிரிப்பது போல, அங்கே ஆண்டை இட்டுப் பிரிக்கின்றனர். அடுத்தது எடை. எம்டனின் வடிவமைப்பு எடை 3,664 மெட்ரிக் டன். ஆங்கில நூல்களில் வழங்கும் பழைய டன், மெட்ரிக் டன்னைவிட ஏறத்தாழ 16 கிலோ மிகுதியானது. ஆதலின் அக்கணக்கில் 3,606 டன் என்று வரும். இரண்டும் சரியே, எந்த டன் என்று குறிக்காமல் எழுதுவதே பிழை. படியும் வள்ளமும் ஊருக்கு ஊர் வேறுபட்ட காலத்தில் நெல் அளந்து கூலி பெற்ற நம் பாட்டிமார்க்கு இந்நுட்பத்தை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. எந்தப் படியால் அளந்தார்கள் என்பதே அவர்களுடைய வயிற்றுக் கணக்காக இருந்தது.

மூன்றாவதாக இயந்திரம். எம்டனுக்கு இணையாகக் கட்டப்பட்ட கப்பல் டிரெஸ்டன். ஒரே வகையைச் சேர்ந்தவை என்பதால் இரண்டிற்கும் ஒரே இயந்திரத்தை எழுதிவிடுவது எளிது. உண்மையில் டிரெஸ்டனில் நீராவிச் சுழலி பொருத்தப்பட்டது. எம்டனில் பழைய உந்துதண்டு இயந்திரமே இருந்தது. பட்டியலில் ‘மேற்படி’ என்று இரண்டு புள்ளி இட்டு நிரப்புவோரைப் பிடிக்கும் இடம் இதுவே. அலுவலகப் பதிவேடுகளில் இந்த ‘மேற்படி’ எத்தனை குடும்பங்களை அலைக்கழித்திருக்கின்றது என்பதை இங்கிருப்போர் நன்கறிவர்.

சென்னையின்மேல் எம்டன் எத்தனை குண்டுகளை எறிந்தது? 125 என்பர் சிலர். 130 என்பர் சிலர். இத்தகைய இடத்தில் ஆய்வோர் தமக்குப் பிடித்த எண்ணைத் தேர்ந்து எழுதுவதில்லை; எந்த நூல் எதைக் கூறுகின்றது என்று இரண்டையும் குறிப்பர்.

இனி, சற்று உறுத்தலான ஒன்றையும் சொல்ல வேண்டும். எம்டன் சென்னையைத் தாக்கியபோது செண்பகராமன் பிள்ளை அதில் இருந்தார் என்று மேடைதோறும் கேட்டிருக்கின்றோம், அச்சிலும் படித்திருக்கின்றோம். அவர் அயல்நாட்டில் இருந்துகொண்டு இந்திய விடுதலைக்கு உழைத்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் அக்கப்பலில் இருந்தார் என்பதற்கு உரிய ஆவணச் சான்று காட்டப்பெறவில்லை. 1914இல் அவர் சூரிச் நகரில் இந்திய ஆதரவுக் குழுவை நடத்திப் பின்னர் பெர்லினுக்குச் சென்றவர். கப்பற் பட்டியலை ஆய்வோரிடம் இக்கதையைக் கொண்டுசென்றால், ‘சான்று யாது?’ என்ற ஒரே கேள்விதான் வரும். பெருமை தரும் செய்தி என்பதால் அங்கே சலுகை கிடையாது. இதனைக் கேட்டுச் சினங்கொள்வோர் உளர். நமக்கு அக்கேள்வி பிடித்திருக்கின்றது.

ஏன் பிடித்திருக்கின்றது என்றால், நம் மக்கள் கேள்வி கேட்கும் உரிமையை நெடுங்காலம் இழந்திருந்தவர்கள். ஏட்டில் உள்ளது என்று ஒருவர் சொன்னால், அந்த ஏட்டைக் காட்டுக என்று கேட்டவன் அடிபட்டான். இந்தக் கப்பற் பட்டியல் ஆய்வில் பேராசிரியர் ஒருவர் எழுதிய வரியைப் பள்ளி மாணவன் ஒருவன் கேள்விக்கு உட்படுத்தலாம். பேராசிரியர், ‘நான் யார் தெரியுமா?’ என்று கேட்டுத் தப்ப இயலாது. நூலையும் பக்கத்தையும் காட்ட வேண்டும். கேட்டவனுடைய குலத்தையோ பட்டத்தையோ அங்கு எவரும் வினவுவதில்லை. கேட்பவனுக்கும் கடமை உண்டு. ‘இது தவறு’ என்று வெறுமனே கூவினால் செவிமடுப்பார் இல்லை. எந்த வரி, என்ன தவறு, சரியானது எந்த நூலில் உள்ளது என்று கூற வேண்டும். நம் இளைஞர்களுள் சிலர் முன்னதைத் திறம்படச் செய்கின்றனர்; பின்னதற்கு நூலகம் வரை நடக்க வேண்டியிருக்கின்றது!

இம்முறையில் நமக்கு நிறைவு தராத பகுதியும் உண்டு. வெளியிடப்பெற்ற சான்று இல்லாத எதுவும் அங்கே நிலைக்காது. போர்க்கப்பலுக்குக் கட்டிய துறையின் பேரேடு உண்டு, அரசின் ஆவணக்காப்பகம் உண்டு. ஜெர்மனியின் கூட்டரசு ஆவணக்காப்பகம் 2008இல் ஏறத்தாழ 80,000 படங்களை விக்கிமீடியாவிற்குப் பொதுப் பயன்பாட்டிற்காக வழங்கியது. நம் தெருவிற்கு அப்படி எந்தக் காப்பகம் இருக்கின்றது? முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்ற பெண் யார், அவரை எந்த வரிசையில் உட்கார வைத்தனர் என்பதெல்லாம் கிழவர்களின் நினைவில் இருக்கின்றன. நினைவோடு எரிந்தும் போகின்றன. கப்பலின் அடுப்பில் கரி அள்ளிப் போட்டவனின் பெயர் கப்பற் பட்டியலில் ஒருபோதும் வருவதில்லை என்பதையும் உடன் நினைக்க வேண்டும். 2015 முதல் ஏப்ரலைத் தலித் வரலாற்று மாதமாகக் கொண்டாடுவோர், விக்கிப்பீடியாவில் நம் வரலாற்றை எழுதவும் முயன்றுள்ளனர். எழுதுவதற்குச் சான்று வேண்டும். சான்று வேண்டுமாயின் யாரேனும் முன்னரே வெளியிட்டிருக்க வேண்டும்.

பட்டியலைச் சோதிக்கும் பயிற்சி வயிற்றுக்கும் நிலத்திற்கும் உதவும் என்பதற்குப் பஞ்சமி நிலம் சான்று. செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டர் திரமென்ஹீர் அளித்த அறிக்கையை அடுத்து 1892இல் அன்றைய அரசு நம் மக்களுக்கு நிபந்தனையோடு நிலம் வழங்க ஆணையிட்டது. மொத்தம் 12 இலட்சம் ஏக்கர் என்று மேடையில் முழங்குகின்றோம். முழங்கட்டும், ஆனால் நிலம் மீள்வது அந்த எண்ணால் அன்று. இன்ன ஊர், இன்ன புல எண், இத்தனை ஏக்கர் இத்தனை சென்ட், பழைய பதிவேட்டில் யார் பெயர், பின்னர் எந்த ஆண்டில் யார் பெயருக்கு மாறிற்று என்று வரிவரியாகக் காட்டும் பட்டியலால்தான். எம்டனின் எந்த டன் என்று கேட்கப் பழகியவன், பதிவேட்டைப் பார்க்கும்போது எந்த அளவை என்று கேட்பான். மூன்று எம்டன்களைப் பிரிக்கத் தெரிந்தவன், ஒரே பெயருடைய இரு பாட்டன்களையும் பிரிப்பான்.

இன்னும் அணுக்கமான பட்டியல் ஒன்று உள்ளது. இம்மலரின் பிற்பகுதியில், 25 ஆண்டுகளில் சங்கத்தின் உதவி பெற்றுப் படித்தோரின் பெயர்ப்பட்டியல் அச்சேறவிருக்கின்றது. அச்சுப்படி தயாராக உள்ளது, நாம் பார்த்தோம். பெண்கள் சிலருக்குக் கணவர் பெயர் மட்டும் உள்ளது. தேர்ச்சி பெற்ற ஆண்டு பலருக்கு இல்லை. இடையில் படிப்பை நிறுத்தியவர்களைச் சேர்ப்பதா விடுப்பதா என்று முடிவு செய்யப்படவில்லை. சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து, நிறுத்திய ஆண்டோடு. நாளை ஒருவர் நம் ஊரின் கல்வி வரலாற்றை எழுத முற்பட்டால் அவர் கைக்கு எட்டும் அச்சுச் சான்று இதுவாக இருக்கலாம்.

ஆகவே செயலாளர் அவர்களிடம் இசைவு பெற்று ஓர் ஏற்பாடு செய்துள்ளோம். வரும் ஞாயிறன்று காலை பத்து மணிக்கு, சங்கப் படிப்பகத்தில் அச்சுப்படி மேசைமேல் வைக்கப்படும். ஒருவர் எழுதிய பக்கத்தை மற்றொருவரே சோதிக்க வேண்டும். தம் குடும்பத்தார் பெயர் உள்ள பக்கத்தை எவரும் தாமே சரிபார்த்தல் ஆகாது. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பழைய ரசீது எது இருப்பினும் உடன் கொண்டு வருக. கேள்விகளை எழுத ஒரு தனி நோட்டு வைத்துள்ளோம்; விடைகளும் அதிலேயே எழுதப்படும், கிழிக்கப்படமாட்டா. மூத்தோர் வர இயலாவிடின் இளைஞர் இருவர் வீடு தேடி வந்து கேட்டெழுதிக்கொள்வர். அச்சகத்தார் அடுத்த புதன்கிழமை வரை காத்திருக்க ஒப்புக்கொண்டுள்ளனர்.