பங்கு வியாபாரமும் பங்கு முதலீடும்

(தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், போனஸ், லயத்துக் கூரை ஆகியவற்றையே பேசிப் பழகிய மேடை இது. இங்கே இன்று பங்குச் சந்தையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "கிராணியாருக்குப் பணம் மிஞ்சிவிட்டது போலிருக்கிறது" என்று ஒரு பெரியவர் சிரித்தார். மிஞ்சவில்லை, ஐயா. நம்மிடம் இருக்கிற கொஞ்சத்துக்கும் வழிபார்த்து ஆள் வருகிறான். அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

2024 மே 11 முதல் ஊழியர் சேமநிதியில் 55 வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று கணக்குகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். மாதந்தோறும் கட்டுகிற பணத்தில் 100-க்கு 75 ஓய்வுக்காலத்துக்கு, 15 வீடு, மருத்துவம் போன்றவற்றுக்கு, மீதி 10 எந்த நேரமும் எடுத்துக்கொள்ள. அந்தப் பத்தை எடுத்துக் கைத்தொலைபேசியில் பங்கு வாங்கி விற்கிற இளைஞர்கள் நம் லயங்களிலும் இருக்கிறார்கள். காலையில் வாங்கி மாலையில் விற்றால் இரண்டு நாள் சம்பளம் என்கிறார்கள். கேட்டால், "நாங்கள் முதலீடு செய்கிறோம்" என்று பதில். அவர்களைத் திட்டுவதற்கு நாம் இங்கே வரவில்லை. முற்றிலும் வேறான இரண்டு தொழில்களை ஒரே பெயரால் அழைப்பதனால் வருகிற குழப்பம் இது.

பங்கு என்றால் என்ன? ஒரு கம்பெனியின் சொத்திலும் லாபத்திலும் ஒரு சிறு பாகம். தூரம் போக வேண்டாம். நம் பக்கத்தில் ஜெண்டராட்டா தோட்டம் இருக்கிறது. 1906-இல் டென்மார்க் நாட்டுப் பொறியாளர் வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கியது. இன்று யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் என்ற பெயரில் கோலாலம்பூர் பங்குச் சந்தையில் இருக்கிறது. தலைமை அலுவலகம் இன்னும் அந்தத் தோட்டத்திலேயே. அந்தப் பங்கை இரண்டு பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் எத்தனை ஏக்கர், எவ்வளவு கடன், மறுநடவு ஒழுங்காக நடக்கிறதா, ஆண்டுக்கு என்ன ஈவுத்தொகை என்று விசாரிக்கிறார். மற்றவர் இதில் எதையும் கேட்பதில்லை. வியாழக்கிழமைக்குள் இன்னொருவன் 10 காசு கூடக் கொடுப்பானா என்பது ஒன்றுதான் அவர் கவலை. முன்னவருக்கு லாபம் மரத்திலிருந்து வர வேண்டும். பின்னவருக்கு அடுத்து வாங்குகிறவன் சட்டைப்பையிலிருந்து வர வேண்டும். பங்கு ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். தொழில் வேறு.

இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர்க் கன்று நட்டால் வெட்டுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். பிறகு பட்டையைக் காப்பாற்றி அளவாக வெட்டினால் இருபது, இருபத்தைந்து ஆண்டு பால் தரும். ஆழமாகக் கத்தியைப் போட்டுக் காயப்படுத்தினால் இந்த மாதம் வாளி நிறையலாம், அதற்கப்புறம் அந்தப் பக்கம் பட்டை வராது. இது தெரிந்த நாம்தான் அவசரத்துக்கு மயங்குகிறோம்!

1910-ஆம் ஆண்டு லண்டனில் நடந்ததைப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். மோட்டார் வண்டிச் சக்கரத்துக்கு ரப்பர் தேவைப்பட்டு, அந்த ஏப்ரலில் ஒரு ராத்தல் விலை 12 ஷில்லிங்கையும் தாண்டியது. மலாயாத் தோட்டக் கம்பெனிப் பங்குகளுக்கு அடிதடி. காடு வெட்டி முடியாத, ஒரு சொட்டுப் பால் இறக்காத கம்பெனிப் பங்கும் கைமாறிக்கொண்டே இருந்தது. வாங்கியவர்களில் பலர் ரப்பர் மரத்தைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ரப்பர் விலை பாதிக்கும் கீழே போய்விட்டது. அந்தக் காட்டைக் கொசுக்கடியில் வெட்டித் தோட்டமாக்கியவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

நமக்கு நேராக வந்த அடி 1950-களில் வந்தது. தோட்டத் துண்டாடல் என்று உங்கள் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. கூட்டுச் சேர்ந்து வாங்கியவர்கள் அதை நடத்துவதற்கு வாங்கவில்லை. சிறு சிறு துண்டாகப் போட்டு விற்றால் மொத்த விலையைவிடக் கூடுதல் கிடைக்கும் என்று வாங்கினார்கள். துண்டு வாங்கியவனுக்கு ஆஸ்பத்திரி வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம், அறுபது குடும்பமும் வேண்டாம். வெட்டுக்கு இரண்டு ஆள் போதும். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை உங்கு அஜீஸ் ஆராய்ந்து நூலாக எழுதினார். வேலையும் வீடும் ஒரே நாளில் போய், சட்டி பானையோடு நம்மவர்கள் தெருவுக்கு வந்த காலம் அது. குறுகிய கால லாபம் என்பது காகிதத்தில் எழுதும் கணக்கு மட்டும் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

இதற்குப் பதிலாக நம் பேராக் மண்ணிலிருந்து ஒருவர் ஒரு வழி சொன்னார். சுங்கை சிப்புட்காரர், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன். தோட்டத்தைத் துண்டாடுகிறார்களா? நாமே வாங்குவோம் என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு. அன்றைய பால்வெட்டுச் சம்பளத்தில் அந்தப் பத்து வெள்ளி எத்தனை பெரியது என்று நினைத்துப் பாருங்கள். அவரே தோட்டம் தோட்டமாகப் போய் லயத்து வாசலில் உட்கார்ந்து பேசினார். 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அதன் பின் இன்னும் பல தோட்டங்கள். துண்டாடினவர்களும் சங்கமும் வாங்கியது ஒரே மாதிரி நிலந்தான். அவர்கள் விற்பதற்கு வாங்கினார்கள். சங்கம் பால் எடுப்பதற்கு வாங்கியது.

"பழைய கதை, இப்போது காலம் வேறு" என்று ஒரு தம்பி சொல்வது கேட்கிறது. சரி, 1993-க்கு வருவோம். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் கோலாலம்பூர் பங்குக் குறியீடு ஏறத்தாழ 644. ஆண்டு முடிவில் 1,275. டாக்சி ஓட்டுகிறவர், மீன் விற்கிறவர், நம்மைப் போன்ற கிராணி எல்லோரும் தரகர் கடையில்! 'கொண்ட்ரா' என்று ஒரு வழக்கம் இருந்தது. பணம் கட்டாமலே வாங்கிக் கெடு நாளுக்குள் விற்று, வித்தியாசத்தை மட்டும் பெறுவது அல்லது கொடுப்பது. ஏறும்போது கையில் காசில்லாதவனும் ராஜா. 1994 ஜனவரி 5-இல் குறியீடு 1,314. 1998 செப்டம்பர் 1-இல் 262. கொண்ட்ரா ஆடியவன் வீட்டுக்கு வித்தியாசத்தைக் கேட்டுக் கடிதம் வந்தது. வீட்டை அடகு வைத்தவர்களும் உண்டு.

இங்கே உண்மையை மறைக்கக் கூடாது. நீண்ட நாள் வைத்திருந்தவர்களும் அன்று கலங்கினார்கள். குறியீடு மீண்டும் 1,314-ஐத் தாண்ட 2007 ஆயிற்று, பதின்மூன்று ஆண்டு! நல்ல கம்பெனிப் பங்கைச் சொந்தப் பணத்தில் வாங்கியவன் இடையில் ஈவுத்தொகை பெற்றுக்கொண்டு காத்திருக்க முடிந்தது. கடன் வாங்கியவனால் காத்திருக்க முடியவில்லை. 'காத்திரு' என்று சொல்வது எளிது, காத்திருக்கக்கூடிய பணமா என்று முதலில் பார்க்க வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்துக்கு வைத்த பணம் அப்படிப்பட்ட பணம் அல்ல.

சின்னக் கணக்கு ஒன்று. ஒரு தடவைக்குத் தரகு 8 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வாங்க 8, விற்க 8. ஆயிரம் வெள்ளியோடு தொடங்கும் தம்பி வாரம் இரண்டு முறை வாங்கி விற்றால் ஆண்டில் நூறு தடவை. 1,600 வெள்ளி தரகுக்கே! போட்ட முதலைவிட அதிகம். அவன் ஜெயித்தாலும் தோற்றாலும் தரகுக் கடைக்கு மாதச் சம்பளம் தவறுவதில்லை. நம் செக்ரோலில் இப்படி ஒரு ஆள் இருந்தால் நாம் சும்மா விடுவோமா?

அதற்காக எதையாவது வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டால் போதும் என்றும் எண்ண வேண்டாம். மைக்கா ஹோல்டிங்ஸ் கதை இங்கே பாதிப் பேருக்கு வீட்டுக் கதை. 1982-இல் தொடங்கியது. சுமார் 66,000 இந்தியர்கள், ஏறத்தாழ 10 கோடி வெள்ளி. தாலிக்கொடியை அடகு வைத்துப் பங்கு வாங்கினார்கள் என்று சொல்வார்கள். 2010-இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு தருவதாக விலை வந்தது. நம்மவர்களின் பொறுமைக்குக் குறைவே இல்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் பொறுத்தார்கள். ஆனால் ஆண்டுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படித்தவர்கள் எத்தனை பேர்? பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து கேட்டவர்கள் எத்தனை பேர்? மரத்தை நட்டுவிட்டு ஏழு ஆண்டு வேலிப் பக்கமே போகாதவனுக்குக் காட்டுப்பன்றிதான் மிச்சம் வைக்கும். இந்தக் குற்றத்தில் படித்த கிராணிமாராகிய நமக்கும் பங்கு உண்டு. ஆங்கிலக் கடிதம் வந்தபோது அதைத் தமிழில் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பங்கே வேண்டாம் என்று ஒதுங்கியிருக்கும் அம்மாவும் பங்குதாரர்தான். 1951-இல் ஏற்பட்ட ஊழியர் சேமநிதி நம் பணத்தைப் பத்திரங்களிலும் கம்பெனிப் பங்குகளிலும் போட்டுத்தான் ஈவு தருகிறது. 2024-க்கு 6.3 விழுக்காடு. ஆண்டுக்கு 6 என்றே வைத்தாலும் எடுக்காமல் விட்ட 5,000 வெள்ளி பன்னிரண்டு ஆண்டில் 10,000. இருபத்து நான்கில் 20,000. ஒவ்வோர் ஆண்டும் ஆறு வரும் என்று யாரும் உறுதி தரவில்லை. சட்டம் உறுதி தருவது இரண்டரைதான். இருந்தாலும், இருபத்தாறு வயதுத் தம்பி இன்று எடுத்துத் தொலைபேசியில் விளையாடுகிற 500 வெள்ளி, ஐம்பது வயதில் அவனுடைய 2,000 வெள்ளி.

கூட்டம் முடிந்ததும் வாசலில் மேசை போட்டு உட்காருகிறோம். சேமநிதி அறிக்கை வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், கணக்குக் கணக்காகப் படித்துச் சொல்கிறோம். நில நிதிச் சங்கத்துப் பழைய பங்குச் சீட்டு அப்பா அம்மா பெயரில் தகரப்பெட்டியில் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள். வாரிசுப் பெயருக்கு மாற்ற என்ன கடிதம் எழுத வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம். இன்றைக்கு நேரம் போதாவிட்டால் அடுத்த ஞாயிறும் இதே இடத்தில் இருப்போம்.