வானத்தை நேசித்த இராமேசுவரத்துச் சிறுவன்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வராக நதிப் பாசன வயல்களில் நாற்று நட்ட நம் பெற்றோர், வானூர்தியின் ஒலி கேட்டால் நிமிர்ந்து பார்ப்பர். மீண்டும் குனிந்து விடுவர். அதனைக் கற்பதற்கென ஒரு படிப்பு உண்டென்பதை அவர்களுக்குச் சொல்வாரில்லை. ஆகவே இன்று டாக்டர் அப்துல் கலாம் அவர்களைப் பற்றிப் பேச விழைகிறேன்.

1931 அக்டோபர் 15இல் பிறந்த அவர், தந்தையார் ஜைனுலாப்தீன் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தொழுவதைக் கண்டு வளர்ந்தவர். அத்தந்தையாரின் நெருங்கிய நண்பர், கோயில் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரிகள். ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், சாஸ்திரிகளின் மகனருகே தொப்பியணிந்த சிறுவன் அமர்வதைப் பொறாது, அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். சாஸ்திரிகள் அவ்வாசிரியரை அழைத்துக் கண்டித்தார், அவரும் திருந்தினார்.

தனியிடத்தில் அமர்த்தப்பட்டவர்கள் இச்சபையிலும் உள்ளோம், அடியேனும் ஒருவன். எப்பள்ளி என்பது வேண்டாம். எங்களுக்காகக் கேட்க ஒரு சாஸ்திரிகள் வரவில்லை என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை பறக்கும் விதத்தைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று காட்டினார். அவர் தம் இல்லத்திற்கும் சிறுவனை உணவுக்கு அழைத்தார். துணைவியார் பரிமாற மறுக்கவே, ஐயர் தாமே பரிமாறி, அருகமர்ந்து உண்டார். அடுத்த வாரமும் அழைத்தார். அம்முறை அந்த அம்மையாரே உள்ளே அழைத்துத் தம் கையால் பரிமாறினார். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்த இரண்டாவது அழைப்பையே நான் பெரிதும் மதிக்கிறேன்.

சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தமக்கை சோஹரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தந்தார். தாய்மார்களே, அடகுக் கடை நமக்கும் புதிதன்று. பெரும்பாலும் நாம் அங்குச் செல்வது சடங்குக்காகவும் திருமணத்துக்காகவும். அந்த அம்மையார் சென்றது தம்பியின் படிப்புக்காக.

அக்கல்லூரியில் பழைய விமானங்கள் இரண்டு நிறுத்தப்பட்டிருந்தன. மற்றவர் சென்ற பின்னும் அவற்றருகே அமர்ந்திருப்பாராம். விமானியாவதே அவர் கனவு. டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்கு வந்தவர் 25 பேர், எடுக்கப்பட்டவர் எண்மர், இவர் ஒன்பதாமவர். மனமுடைந்து ரிஷிகேசம் சென்று கங்கையில் நீராடி, சுவாமி சிவானந்தரைக் கண்டு ஆறுதல் பெற்றார். தில்லி திரும்பியதும் வேறு பணிக்கான ஆணை காத்திருந்தது. 1958இல் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் அறிவியல் உதவியாளரானார். பின்னர் ஏவுகணையும் குடியரசுத் தலைவர் பதவியும் வந்ததை நீங்கள் அறிவீர்கள். 2006 ஜூன் 8இல், தம் 74ஆம் வயதில், புனேயில் சுகோய் போர் விமானத்தில் ஏறிப் பறந்தார்.

சென்ற மாதம் ஒரு தேர்வில் தோற்றுத் திரும்பிய நம் பிள்ளை ஒருவன் இக்கூட்டத்தில் இருக்கிறான். பெயர் சொல்லமாட்டேன். தம்பி, விழா முடிந்ததும் என்னை வந்து பார். அடுத்த விண்ணப்பத்தை இருவருமாக நிரப்புவோம்.