மாத்திரைக்குப் பசி தெரியும்



சென்னை சேத்துப்பட்டில் 1956-ஆம் ஆண்டு காசநோய்க்கென்று ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தியது அது. டி.பி. வந்தவரை சானடோரியத்தில் படுக்கவைத்தே ஆக வேண்டுமா, வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டால் போதாதா என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

அந்தக் காலத்தில் இப்படிக் கேட்கவே துணிச்சல் வேண்டும். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை இவை இல்லாமல் இந்த நோய் போகாது என்று டாக்டர்களே நம்பியிருந்தார்கள். ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். இருந்த படுக்கைகள் அதில் ஒரு மூலைக்கும் காணாது.

நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதி தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். நெரிசலான வீடு, அரைகுறைச் சாப்பாடு, ஓய்வு என்பதற்கே வழியில்லாத பிழைப்பு. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்கு. 1959-ல் முடிவு வெளிவந்தபோது, வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம். நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் அந்த ஆய்விலிருந்து உலகம் பாதிப் பாடத்தைத்தான் படித்தது என்பேன். நல்ல சாப்பாடு கிடைக்காதவருக்கும் மருந்து வேலை செய்யும் என்று சேத்துப்பட்டு சொன்னது. அதை நாளாக ஆக, சாப்பாடு ஒரு பொருட்டே இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். மாத்திரை தருவது சுகாதாரத் துறையின் வேலையாயிற்று. சோறு அவரவர் பாடாயிற்று.

காசநோய்க் கிருமியின் போக்கைக் கொஞ்சம் பாருங்கள். உலகத்தில் நாலில் ஒருவர் உடம்புக்குள் இது எப்போதோ புகுந்திருக்கிறது என்பது கணக்கு. அவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க நோய் வருவதில்லை. உடம்பு அதை அடக்கிவைத்திருக்கிறது. உடம்பு தளரும்போதுதான் அது தலைதூக்கும். தளர்ச்சிக்குச் சர்க்கரை நோய், எச்.ஐ.வி., குடி, புகை என்று பல காரணங்கள் உண்டு. கல்குவாரியில் தூசியைச் சுவாசித்துக் கெட்டுப்போன நுரையீரலும் உண்டு. நம் நாட்டைப் பொறுத்தவரை முதல் காரணம் சத்துக் குறைவு.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பாப்வொர்த் என்ற ஊரில் 1918-ல் காசநோயாளிகளுக்காக ஒரு குடியிருப்பு அமைத்தார்கள். நோயாளிக்கு வீடு, உடம்புக்கு ஏற்ற வேலை, கூலி, குடும்பத்தோடு வாழும் வசதி எல்லாம் கிடைத்தன. காசநோய்க்கு மருந்தே கண்டுபிடிக்கப்படாத காலம். அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கும் கிருமி தொற்றத்தான் செய்தது. ஆனால் அது நோயாக முற்றியது மிகக் குறைவு. வயிறு நிறைந்திருந்த பிள்ளைகள்.

நல்ல சாப்பாடு இந்த நோயைத் தடுக்குமா என்பதை நூறு வருடம் கழித்து நம் நாட்டில் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்கள், 2,800 நோயாளிகள், அவர்களுடைய வீட்டார் பத்தாயிரத்துக்கும் மேல். 2019-ல் தொடங்கியது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவர்களின் தலைமையில் நடந்த இந்த ஆய்வில் நமது சேத்துப்பட்டு மையத்துக்கும் பங்குண்டு. வந்த நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எடை குறைந்தவர்கள். பாதிப் பேர் அதிலும் மிக மோசம்.

நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் பத்து கிலோ உணவுப் பை கொடுத்தார்கள். சோதனை நடந்தது வீட்டாரிடம்தான். ஒரு தரப்பு வீடுகளில், கூட வசிக்கும் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. மறு தரப்பு வீட்டாருக்கு வழக்கமான சாப்பாடு மட்டும். 2023-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. அரிசியும் பருப்பும் போன வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. எந்தத் தடுப்பூசியாவது இந்த எண்ணைக் காட்டியிருந்தால் தலைப்புச் செய்தியாக ஓடியிருக்கும். பருப்புக்கு விளம்பரம் செய்ய கம்பெனி ஏது?

சிகிச்சையில் இருப்பவர் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆறு மாதம் மருந்து. முதல் சில வாரங்களில் காய்ச்சல் விடும், இருமல் தணியும், செத்துக் கிடந்த பசி திரும்ப வரும். நல்ல அறிகுறிதான். ஆனால் சம்பாதிக்கிறவரே படுத்துக்கிடக்கும் வீட்டில் அந்தப் பசிக்கு என்ன போடுவது? வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டும். ஒரு நாள் விடுவார், அடுத்த நாளும் விடுவார். கொஞ்சம் தெம்பு வந்ததும் கூலி வேலைக்குக் கிளம்பிவிடுவார். மருந்து நின்றுபோகும். பொறுப்பில்லாதவர் என்று அவர் பெயரில் எழுதிவிடுகிறோம். மருந்து இலவசம்தான். ஆனால் போன கூலி, பஸ் கட்டணம், நோய் இன்னதென்று தெரியும்முன் தனியார் டாக்டர்களிடம் கொடுத்த பணம் எல்லாம் சேரும்போது, காசநோய் வந்த குடும்பங்களில் ஏறத்தாழ பாதி, ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்கின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெண்ணுக்கு வந்தால் கதை இன்னொரு மாதிரி. கல்யாணம் ஆகாத பெண் என்றால் வெளியே சொல்லவே மாட்டார்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2018 ஏப்ரலிலிருந்து நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் உணவுக்காக வங்கிக் கணக்கில் போட்டார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். ஜார்க்கண்ட் ஆய்வுக்குப் பிறகு, நோயாளிக்கு நன்கொடையாளர்கள் தந்துவந்த உணவுப் பை அவர் வீட்டாருக்கும் சேரும் என்று அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் நாளைக்கு இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கை பருப்பு என்று நீங்களே கணக்குப் போடுங்கள், அந்த ஆயிரம் எந்தத் தேதியோடு தீர்கிறது என்று. அதுவும் கைக்கு வர, வெளியூரில் செங்கல் சூளையில் இருப்பவருக்கு வங்கிக் கணக்கும் ஆதாரும் சரியாக இணைந்திருக்க வேண்டும். வீட்டாருக்கான பையோ நன்கொடையாளரின் மனசைப் பொறுத்தது. மாத்திரையை நாம் அப்படி யார் மனசுக்கும் விடுவதில்லையே.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டம் இதில் ஒரு படி முன்னே போயிருக்கிறது. நோய் உறுதியானதுமே எடை, உயரம், காலில் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மிகவும் மெலிந்தவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊட்டம் தருகிறார்கள். ஏனென்றால் காசநோய்ச் சாவுகளில் நிறைய, சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களிலேயே நேர்கின்றன.

அந்த இரண்டு மாதத்தில் கவனிக்க வேண்டியது எடை. ஜார்க்கண்டில், இரண்டாவது மாதத்துக்குள் ஐந்து சதவீதம் எடை ஏறியவர்களுக்குச் சாவு அபாயம் அறுபது சதவீதம் போலக் குறைவாக இருந்தது. நாற்பது கிலோ இருப்பவருக்கு அது இரண்டு கிலோ. உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது டி.பி.க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால், மாதாமாதம் எடை பார்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஏறவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். கூட இருப்பவர்களையும் ஒரு தடவை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள், குழந்தைகள் உட்பட. யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குக் காசு கிடையாது.