குடல் அழற்சியும் சத்துக் குளிசையும்

(திருகோணமலையில் தோட்டக் குடும்பங்களுக்கு நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையை விட்டு இந்தத் துறைமுகப் பக்கம் வந்த சொந்தங்களும், லீவுக்கு மலையிலிருந்து வந்தவங்களும் இருக்கிறீங்க. வெட்கப்பட்டு யாரும் வெளியில் சொல்லாத ஒரு வருத்தத்தைப் பற்றிப் பேசப் போகிறேன்.

வாரக்கணக்கில் வயிற்றோட்டம், மலத்தோடு இரத்தம், உடம்பு மெலிவு. வயிற்றுளைவு என்று கைமருந்து பார்த்துக்கொண்டே இருப்போம். கொழுந்து மலையில் நிற்கிற பொம்பளைப் பிள்ளை அவசரத்துக்கு எங்கே போவாள்? அதனால் சாப்பாட்டையே குறைத்து விடுவாள். கிருமியால் வந்த வயிற்றுளைவா, குடல் அழற்சியா என்று மலப் பரிசோதனையும், குழாய்க் கமரா விட்டுப் பார்க்கிற பரிசோதனையுந்தான் காட்டும். கொழும்பு, கம்பஹா மாவட்ட வைத்தியசாலைகளில் எடுத்த கணக்கு 2010இல் வெளிவந்தது. இலட்சம் பேரில் ஐந்து பேரளவில் பெருங்குடல் புண் அழற்சி, ஒருவரளவில் குரோன்ஸ் நோய். அபூர்வந்தான், ஆனால் வந்த வீட்டுக்கு அது முழுப் பாரம்.

அந்த வீட்டில் முதலில் நடப்பது என்ன? கடனுக்குச் சத்துமா டின். ஒரு தாய் சம்பளத்தில் பாதியை டின்னுக்கே கொடுத்துவிட்டு, கிளினிக்குக்குப் போக பஸ் காசு இல்லாமல் நின்றதை நான் பார்த்தேன். டின் அழற்சியை ஆற்றாது. குரோன்ஸ் நோயுள்ள பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேறு சாப்பாடே இல்லாமல் விசேட திரவ உணவு மட்டும் கொடுக்கும் சிகிச்சை உண்டு. அது வைத்தியர் அளந்து கொடுப்பது, கடை டின் அல்ல. மீன் எண்ணெய்க் குளிசையும் அப்படித்தான். குரோன்ஸ் நோய் திரும்பி வராமல் அது தடுக்கவில்லை என்று 2008இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. திருகோணமலை மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிடுங்க, அது நல்ல சாப்பாடு.

அப்போ சத்துக் குளிசையே வேண்டாமா? வேண்டும், குறைந்ததற்கு மட்டும். இரத்தம் போனால் இரும்புச்சத்து குறையும். சல்பாசலசீன் குடிக்கிறவங்களுக்கு போலிக் அமிலம் குறையும். பிரெட்னிசலோன் நாள்பட எடுத்தால் எலும்பு தேயும், அதற்குக் கல்சியமும் விட்டமின் டீயும். சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டிருந்தால் பீ12 ஊசி தேவைப்படலாம். எது குறைவு என்று இரத்தம் சோதித்துத்தான் சொல்வாங்க.

இனி நம்ம தேத்தண்ணி விசயம். சீனன்குடா ஆலையில் 1980 முதல் அரைக்கிற மா மலைக்குப் போய் ரொட்டியாகிறது. ரொட்டியோடு சாயத்தண்ணி குடிப்பது நம்ம பழக்கம். அந்தச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இரும்புக் குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணி வேண்டாம். கொய்யா, தேசிக்காய் நல்லது. குளிசையால் மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். சிவப்பு இரத்தமோ, தார் மாதிரிப் பிசுபிசுத்த கறுப்போ கண்டால் உடனே காட்டுங்க. குளிசை வயிற்றைப் பிரட்டினால் சொல்லுங்க, இரும்பை சேலைன் மாதிரி ஏற்றவும் முடியும்.

வருத்தம் அடங்கினதும் மருந்தை நிற்பாட்டாதீங்க. பிரெட்னிசலோனைத் திடீரென விட்டால் ஆபத்து. கிளினிக் கொப்பியையும், வீட்டில் இருக்கிற எல்லாக் குளிசையையும், நாட்டு மருந்தையும் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்க. கேள்வி இருந்தால் இப்போ கேட்கலாம், கூட்டத்தில் கேட்க வெட்கமென்றால் கலைந்த பிறகு தனியாக வாங்க.